கழற்றிய பேரிங்கைப் புதிய பெட்டியில் விற்கிறார்கள்

என்ஜினில் பிஸ்டனைக் கிராங்க் ஷாஃப்ட்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடுக்குப் பேரிங் வாங்கப் போகிறவர்கள் பணம் கொடுப்பதற்கு முன்பே பெட்டியைப் பிரித்துப் பாருங்கள். யாரோ கழற்றித் திருப்பிக் கொடுத்த செட்டைத் தேய்த்துப் பளபளப்பாக்கி, புதியது என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். பெயர் பெற்ற நிறுவனத்தின் பெட்டி, ஒட்டுச்சீட்டு, பிளாஸ்டிக் உறை எல்லாம் ஒழுங்காகவே இருந்தன. உள்ளே இருந்த பொருள்தான் ஒழுங்கில்லை.

ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்கும்போது என்ஜினின் அடியிலிருந்து தட்டும் சத்தம் வந்துகொண்டிருந்தது. ஆயில் சூடேறச் சூடேற அது கூடியது. ஸ்பார்க் பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்ததில் ஒரு சிலிண்டரில் சத்தம் பாதியாக அடங்கியது. வீட்டிலேயே காரை ஸ்டாண்டுகளில் ஏற்றி ஆயில் பேனை இறக்கினேன். பேரிங் என்பது ஷெல் எனப்படும் இரண்டு அரைவட்டத் தகடுகள். அந்த சிலிண்டருடைய ராடின் மேல் ஷெல்லில் சாம்பல் நிறப் பூச்சு தேய்ந்து செம்பு தெரிந்தது. கிராங்க் ஷாஃப்ட்டில் பேரிங் கவ்வும் உருளைப் பகுதியான ஜர்னல் மட்டும் தப்பியிருந்தது. மைக்ரோமீட்டரில் எந்தப் பக்கம் அளந்தாலும் ஒரே அளவு, நகத்தில் சிக்கும் கீறல் இல்லை. ஆகவே கிரைண்டிங் தேவையில்லை, ஸ்டாண்டர்ட் அளவு பேரிங் போதும். என்ஜின் எண்ணைக் காட்டி அதைத்தான் கேட்டு வாங்கினேன்.

புதிய ஷெல்லின் வாய், அது உட்காரும் இடத்தைவிடச் சற்று அகலமாக விரிந்திருக்கும். கட்டைவிரலால் அழுத்தினால்தான் உள்ளே போகும், போனபின் கவ்விக்கொள்ளும். எனக்குக் கிடைத்த ஷெல் தானாகவே உள்ளே விழுந்தது. ராடின் கீழ்ப்பாதியாகப் போல்ட் போட்டு மூடும் கேப்பைக் கவிழ்த்தால் அதே வேகத்தில் வெளியேயும் விழுந்தது. ஏற்கெனவே ஓர் என்ஜினில் இறுக்கப்பட்டுச் சூடுபட்ட ஷெல்தான் இப்படி விரிவை இழக்கும். முதுகுப் பக்கத்தில் அங்கங்கே பளபளத்த திட்டுகளும் கருத்த புள்ளிகளும் தெரிந்தன. உட்பக்கம் முழுக்க மெல்லிய வட்டக் கீறல்கள். கம்பளி போன்ற இரும்பு நாரால் தேய்த்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். அந்த மேல்பூச்சின் கனமே ஒரு மில்லிமீட்டரில் நூறில் இரண்டு பங்கு அளவுதான். அதையா பளபளப்பாக்குவது?

சந்தேகத்தோடு விட்டுவிடாமல், ஜர்னலுக்கும் பேரிங்குக்கும் நடுவிலுள்ள இடைவெளியை அளக்கும் பிளாஸ்டிகேஜ் என்ற மென்மையான இழையை வைத்துப் பார்த்தேன். ஜர்னலின் மேல் அந்த இழையை வைத்து, கையேட்டில் சொன்ன டார்க்கில் (முறுக்கு அளவில்) கேப்பை இறுக்கிக் கழற்றினால், நசுங்கிய இழையின் அகலம் இடைவெளியைச் சொல்லிவிடும். நடுவில் கிராங்கைச் சுற்றக் கூடாது. என் என்ஜினின் போல்ட்டுகள் இழுபட்டு நீளும் வகை, ஒருமுறைதான் பயன்படும். அதனால் அளப்பதற்குப் பழைய போல்ட்டுகளையே போட்டேன். கையேட்டில் இருந்த இடைவெளி 0.02 முதல் 0.05 மி.மீ. வரை. 0.076 வரை அளக்கும் பச்சை இழை சரியாக நசுங்கவே இல்லை. சிவப்பு இழையை வைத்தபோது 0.1 காட்டியது. அப்படியே மூடி என்ஜினைக் கிளப்பியிருந்தால் ஆயில் பக்கவாட்டில் வழிந்து அழுத்தம் விழுந்திருக்கும், ஷெல் சுழன்று இந்த முறை ஜர்னலையும் கொண்டுபோயிருக்கும்.

கடையில் நடந்ததுதான் இன்னும் மோசம். "பொருத்திப் பார்த்த பொருளைத் திரும்ப எடுப்பதில்லை சார்" என்று கடைக்காரர் தொடங்கினார். பிறகு, "புதிய பேரிங் கொஞ்சம் லூசாகத்தான் இருக்கும், ஓட ஓடச் சரியாகிவிடும்" என்றார். பேரிங் ஓட ஓடத் தேயுமே தவிர வளராது. பக்கத்தில் நின்ற மெக்கானிக் ஒருவர், கேப்பின் வாயை அரத்தால் கொஞ்சம் அராவிவிட்டால் இறுகிவிடும் என்று யோசனை சொன்னார். அராவினால் துளை நீள்வட்டமாகிவிடும், அந்த ராட் குப்பைக்குத்தான். ஷெல்லுக்குப் பின்னால் அலுமினியத் தாள் வைக்கலாம் என்ற யோசனையும் வந்தது. ஷெல்லின் முதுகு ராடோடு ஒட்டி உட்கார்ந்தால்தான் சூடு வெளியேறும் என்பதால்தானே அங்கே ஒரு சொட்டு ஆயில்கூட இல்லாமல் துடைத்துவிட்டு மாட்டுகிறோம்!

கடைசியில் கடைக்காரர், "அப்படியானால் 0.25 செட் தருகிறேன், கெட்டியாக நிற்கும்" என்றார். 0.25 மி.மீ. என்பது கிரைண்ட் செய்து அந்த அளவு குறைத்த ஜர்னலுக்கானது. ஒவ்வொரு ஷெல்லும் 0.125 மி.மீ. கூடுதல் கனம். என் ஜர்னலில் அதை இறுக்கினால் கிராங்க் அசையாது. இது தெரியாமல் சொன்னாரா, தெரிந்தே சொன்னாரா என்பதை உங்களிடமே விட்டுவிடுகிறேன்.

நெடுநேர வாக்குவாதத்துக்குப் பின், நான் பெட்டியைப் பிரித்துவிட்டதைக் காரணம் சொல்லி விலையில் ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டு மீதியைத் தந்தார். என் கண்ணெதிரிலேயே அந்த செட்டை உறையில் போட்டு, பெட்டியை மூடி, அலமாரியில் பழைய இடத்திலேயே வைத்தார். நான் இதை எழுதுவது போன பணத்துக்காக இல்லை, அந்தப் பெட்டிக்காகத்தான்.

வேறு இடத்தில் வாங்கிய செட் அழுத்தினால்தான் உள்ளே போனது. பிளாஸ்டிகேஜ் 0.04 காட்டியது. சத்தம் இப்போது இல்லை.

வாங்கப் போகும்போது உங்கள் என்ஜினின் ராட் கேப் ஒன்றைச் சுத்தமாகத் துடைத்துக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். கடையிலேயே ஒவ்வொரு ஷெல்லையும் அதில் அழுத்திப் பார்த்து, கேப்பைக் கவிழ்த்துக் காட்டச் சொல்லுங்கள். முதுகில் பொறித்த அளவும் பாக எண்ணும் பெட்டியோடு ஒத்துப்போகின்றனவா என்று பார்த்து, அவற்றை பில்லிலும் எழுதி வாங்குங்கள். பிரித்துப் பார்க்க அனுமதிக்காத கடையில் வாங்கவே வேண்டாம். எடுத்துச் செல்லும் கேப் எந்த சிலிண்டருடையது, எந்தப் பக்கம் முன்புறம் என்பதைக் கழற்றும்போதே குறித்துவையுங்கள். ஒன்றின் கேப் இன்னொன்றுக்குப் பொருந்தாது.