பொறியியல் கல்லூரி லேடீஸ் ஹாஸ்டல் அட்மிஷன்: 5க்கு 3

கடந்த ஆண்டு என் தங்கைக்குக் கோவைப் பக்கம் ஒரு சுயநிதிப் பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்தது. எங்களுக்கு மானாமதுரை, தினமும் போய் வரும் பேச்சுக்கே இடமில்லை, ஹாஸ்டல்தான். சேர்க்கும் முன்பு அந்த ஹாஸ்டலைப் பற்றித் தேடிப் பார்த்தேன். சாப்பாடு சுமார், வைஃபை வராது என்பதைத் தாண்டி ஒன்றும் கிடைக்கவில்லை. எப்போது விண்ணப்பிக்க வேண்டும், என்னென்ன கேட்பார்கள், எந்தப் பணம் திரும்பி வரும் என்று ஒருவரும் எழுதவில்லை, அதனால் நான் எழுதுகிறேன். கல்லூரியின் பெயரைப் போடவில்லை. நான் சொல்லப்போகும் குறைகள் அந்த ஒரு கல்லூரிக்கு மட்டும் உரியவை அல்ல, தங்கையின் தோழிகள் சேர்ந்த மற்ற ஊர்களிலும் ஏறக்குறைய இதே கதைதான்.

முதலில் என் தீர்ப்பு: அறைக்கும் பாதுகாப்புக்கும் 4, சேர்க்கை நடத்தும் விதத்துக்கு 2, அதனால் மொத்தத்தில் 3.

கலந்தாய்வு உங்களுக்குக் கொடுப்பது கல்லூரியில் ஒரு இடம், அவ்வளவுதான். ஹாஸ்டல் அதில் சேராது. அலாட்மென்ட் ஆர்டர் கையில் இருந்தால் கட்டிலும் தானாக வந்துவிடும் என்றுதான் எங்கள் வீட்டில் மட்டுமல்ல, அன்று அந்த அலுவலக வராண்டாவில் பெட்டி படுக்கையோடு நின்ற பாதிக் குடும்பங்களும் நினைத்திருந்தன. ஹாஸ்டலுக்குத் தனி விண்ணப்பம், தனிக் கட்டணம், தனி அலுவலகம். கல்லூரி அட்மிஷன் பிரிவில் கேட்டால் "அது வார்டன் ஆபீஸ்ல கேளுங்கம்மா" என்பார்கள். வார்டன் ஆபீஸில் கேட்டால் அட்மிஷன் ரசீது இல்லாமல் படிவமே தர முடியாது என்பார்கள். இடையில் ஓடிக்கொண்டே இருப்பது நாம்தான்.

இது முன்கூட்டியே பார்க்கக்கூடிய விஷயம் என்பதுதான் எனக்கு ஆற்றாமை. கலந்தாய்வுக்காக வெளியிடும் கல்லூரி விவரத் தொகுப்பில் ஒவ்வொரு கல்லூரிக்கும் ஹாஸ்டல் பற்றி ஒரு பகுதி இருக்கிறது. ஆண்கள், பெண்கள் என்று தனித்தனியாக, ஹாஸ்டல் சொந்தக் கட்டடமா வாடகைக் கட்டடமா, மெஸ் சைவமா அசைவமா, மாத மெஸ் பில் எவ்வளவு, அறை வாடகை எவ்வளவு, கரண்ட் கட்டணம், காஷன் டெபாசிட் (படிப்பு முடிந்து போகும்போது திரும்பி வரும் வைப்புத்தொகை), எஸ்டாப்ளிஷ்மென்ட் சார்ஜ் (ஹாஸ்டல் நிர்வாகச் செலவுக்கு வாங்குவது) எல்லாம் போட்டிருப்பார்கள். கலந்தாய்வில் விருப்பக் கல்லூரிகளை வரிசையாகப் பதியும் சாய்ஸ் ஃபில்லிங் செய்யும்போது எல்லோரும் கட்-ஆஃப், பிளேஸ்மென்ட், எந்த பிராஞ்ச் என்று மட்டும் பார்க்கிறோம், இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடுகிறோம். அதில் சொந்தமா வாடகையா என்ற ஒரு வரி ரொம்ப முக்கியம். வாடகை என்று இருந்தால் ஹாஸ்டல் பெரும்பாலும் வளாகத்துக்கு வெளியே இருக்கும். மாலை லேப் முடிந்து பிள்ளை ரோட்டைக் கடந்து போக வேண்டும், மழை நாளில் அதற்கு ஒரு வேன் பிடிக்க வேண்டும். தங்கை சேர்ந்த கல்லூரியில் முதல் ஆண்டுப் பெண்களில் ஒரு பகுதியினருக்கு வளாகத்துக்குள் இடமில்லாமல் வெளியே ஒரு கட்டடத்தில் கொடுத்தார்கள். அவர்கள் கட்டிய கட்டணத்தில் ஒரு ரூபாய் குறையவில்லை. இது எனக்குப் பெரிய குறையாகவே படுகிறது, பணம் கட்டும் முன்பு எந்தக் கட்டடம் என்று எழுத்தில் சொல்லியிருக்க வேண்டும்.

யாருக்கு உள்ளே, யாருக்கு வெளியே என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது நீங்கள் எப்போது வந்து சேர்கிறீர்கள் என்பதுதான். முதல் சுற்றில் வந்தவர்கள் முதலில் அறை எடுத்துவிடுகிறார்கள். இரண்டாம் சுற்றுக்காரர்களுக்கு மிச்சம் இருப்பது, மூன்றாம் சுற்றில் வரும் பிள்ளைகளுக்குக் காத்திருப்போர் பட்டியல். மேல் சாய்ஸுக்குக் காத்திருக்கிறேன் என்று அப்வர்டு கொடுத்தவர்களுக்கு எந்தக் கல்லூரி என்பதே கடைசியில்தான் முடிவாகும் என்பதால் அவர்கள் பாடு இன்னும் சிரமம். கட்-ஆஃப் குறைவாக இருக்கிற, கிராமத்திலிருந்து வருகிற பிள்ளைக்குத்தான் ஹாஸ்டல் அதிகம் தேவைப்படும், அவளேதான் கடைசிச் சுற்றில் வருவாள். தூரத்தை வைத்து முன்னுரிமை கொடுத்தால் இது பாதி சரியாகிவிடும், அதைச் செய்ய ஒரு பின்கோடு போதும்.

சரி, படிவத்துக்கு வருகிறேன். பாஸ்போர்ட் சைஸ் போட்டோ மாணவிக்கு, அப்பாவுக்கு, அம்மாவுக்கு என்று தனித்தனியாக, ஆதார் நகல், அலாட்மென்ட் ஆர்டர் நகல், கல்லூரிக் கட்டண ரசீது, மருத்துவச் சான்று, பார்க்க வரக்கூடியவர்களின் பெயர், அவர்கள் போட்டோ. இதெல்லாம் நியாயம், பெண்கள் ஹாஸ்டலில் யார் பார்க்க வருகிறார்கள் என்று தெரிந்திருக்க வேண்டும். சிக்கல் வந்தது இரண்டு இடத்தில்.

ஒன்று, லோக்கல் கார்டியன். கல்லூரி இருக்கும் ஊரிலேயே குடியிருக்கும் ஒருவர், கையெழுத்துப் போட்டு முகவரிச் சான்றும் கொடுக்க வேண்டும். கோவையில் எங்களுக்கு யாரும் இல்லை. வீட்டில் முதன்முதலாக வெளியூர் போய்ப் படிக்கும் பிள்ளைக்கு எப்படி இருப்பார்கள்? கடைசியில் சித்தப்பாவோடு வேலை பார்த்தவர் ஒருவர், பல்லடத்தில் இருப்பவர், லீவு போட்டு வந்து கையெழுத்துப் போட்டார். நல்ல மனிதர், ஆனால் தங்கையின் முகத்தை அவர் அன்றுதான் முதன்முதலில் பார்க்கிறார். நள்ளிரவில் காய்ச்சல் என்றால் ஹாஸ்டல் நிர்வாகம் கூப்பிடப்போவது அவரைத்தான் என்றால், இந்த ஏற்பாடு யாரைப் பாதுகாக்கிறது? யாரும் இல்லாத பிள்ளைகளுக்கு ஒரு பேராசிரியரைப் பொறுப்பாளராகப் போடலாம், அதில் என்ன கஷ்டம் என்று எனக்குப் புரியவே இல்லை.

இன்னொன்று, பிள்ளை ஹாஸ்டலை விட்டு வெளியே போக வாங்கும் அனுமதிச் சீட்டான அவுட்பாஸ் ஒப்புதலுக்கு அப்பாவின் கைபேசி எண்தான் என்று படிவத்தில் இருந்தது. எங்கள் அப்பா துபாயில் இருக்கிறார், இந்திய சிம் அங்கே எப்போதும் ஆனில் இருக்காது. அம்மா நம்பரைப் போடுகிறோம் என்றதற்கு முதலில் மாட்டேன் என்றார்கள். அம்மா விடவில்லை. "பிள்ளையப் பெத்து வளத்து இங்க கூட்டிட்டு வந்தது நான்தான் மேடம், எங்கிட்ட கேக்காம வேற யார்கிட்ட கேப்பீங்க?" என்று நின்றார். வார்டன் அம்மா வந்து கேட்டுவிட்டு உடனே மாற்றிக் கொடுத்தார். அவருக்கு நன்றி, ஆனால் சிவகங்கை, ராமநாதபுரம் பக்கம் அப்பா வெளிநாட்டில் இருக்கிற வீடுகள் எத்தனை, அப்பாவே இல்லாத வீடுகள் எத்தனை. அந்தக் கட்டத்தில் பெற்றோர் என்று அச்சடித்தால் எந்தத் தாயும் கவுன்டர் முன் நின்று இப்படி வாதாட வேண்டியிருக்காது.

ராகிங் எதிர்ப்பு உறுதிமொழியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதைப் பலரும் இன்னொரு காகிதம் என்று நினைத்து வெளியே ஜெராக்ஸ் கடையில் யாரையோ விட்டு நிரப்பச் சொல்லிவிடுகிறார்கள். 1996 நவம்பரில் சிதம்பரத்தில் முதலாம் ஆண்டு மருத்துவ மாணவர் நாவரசு கொலை செய்யப்பட்டதற்குப் பிறகுதான், 1997இல் தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்தது. பிறகு 2009இல் யுஜிசி, அதாவது பல்கலைக்கழக மானியக் குழு, நாடு முழுவதற்கும் விதிமுறை போட்டது. அதன்படி கல்லூரியில் சேரும்போது மாணவரும் பெற்றோரும் உறுதிமொழி தர வேண்டும், ஹாஸ்டலுக்கு விண்ணப்பித்தால் அதற்குக் கூடுதலாக ஒன்று. முதல் ஆண்டு பிள்ளைகளை முடிந்தவரை தனி பிளாக்கில் வைக்க வேண்டும், அப்படி வசதி இல்லையென்றால் சீனியர்கள் அங்கே போய் வருவதை வார்டனும் காவலாளிகளும் கண்காணிக்க வேண்டும் என்பதும் அதே விதிமுறையில் இருக்கிறது. உறுதிமொழியை ஆன்லைனில் நீங்களே உட்கார்ந்து நிரப்புங்கள், கொஞ்ச நேரம்தான் ஆகும், உங்கள் மின்னஞ்சலும் கைபேசி எண்ணும் சரியாக இருக்க வேண்டும். புகார் எண் 1800-180-5522, கட்டணம் கிடையாது, பிள்ளையின் போனில் அன்றே சேமித்து வையுங்கள். இந்த விஷயத்தில் தங்கையின் ஹாஸ்டலை மனதாரப் பாராட்டுவேன். முதல் ஆண்டுக்குத் தனித் தளம், மாடிப்படியிலேயே ஒரு அக்கா உட்கார்ந்திருக்கிறார், இரவிலும் ஆள் இருக்கிறது.

பணம். மெஸ் கட்டணத்தில் இரண்டு விதம் உண்டு. ஒன்று மாதத்துக்கு இவ்வளவு என்று நிலையான தொகை, சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் அதுதான். இன்னொன்று டிவைடிங் சிஸ்டம், அந்த மாதம் அரிசி, காய்கறி, கேஸ் என்று ஆன செலவைச் சாப்பிட்டவர்களுக்குப் பிரித்துப் போடுவது. அரசுக் கல்லூரிகளில் அதிகம் இருப்பது இதுதான், பெரும்பாலும் இது மலிவாகவும் வரும், மெஸ் கமிட்டியில் மாணவிகளே கணக்குப் பார்ப்பார்கள் என்றால் இன்னும் நல்லது. தங்கையின் ஹாஸ்டல் நிலையான தொகை. எங்களிடம் ஒரு வருடத்துக்கும் ஒரே தவணையில் கேட்டார்கள், அதுவும் அறை எண் சொல்வதற்கு முன்பே. இரண்டு தவணையாகக் கட்டலாம் என்பது அவர்கள் விதியிலேயே இருக்கிறது, கேட்டால்தான் சொல்கிறார்கள், கேட்டோம், கொடுத்தார்கள். காஷன் டெபாசிட்டுக்குத் தனி ரசீது வாங்குங்கள். எல்லாவற்றையும் சேர்த்து ஒரே ரசீதாகப் போட்டுவிட்டால் நான்கு வருடம் கழித்து எதைத் திருப்பிக் கேட்பது?

அரசுப் பள்ளியில் படித்து 7.5 சதவீத ஒதுக்கீட்டில் வருகிற பிள்ளைகளுக்கு இன்னும் முக்கியமான சேதி. 2021 செப்டம்பரில் அரசு தெளிவாக அறிவித்தது: அந்த மாணவர்களின் கல்விக் கட்டணம், ஹாஸ்டல் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே ஏற்கும். தங்கையின் ரூம்மேட் அந்த ஒதுக்கீட்டில் வந்தவள். அவள் அப்பாவிடம், இப்போது ஹாஸ்டல் பணத்தைக் கட்டிவிடுங்கள், அரசுப் பணம் வந்ததும் திருப்பித் தருகிறோம் என்று கவுன்டரில் சொன்னார்கள். கூலி வேலை பார்க்கிறவர், வட்டிக்கு வாங்கக் கிளம்பிவிட்டார். பக்கத்தில் நின்ற இன்னொரு பெற்றோர் அரசு அறிவிப்பைப் போனில் எடுத்துக் காட்டிப் பேசிய பிறகுதான் பணம் கேட்பதை நிறுத்தினார்கள். இதை எழுதும்போதும் எனக்குக் கோபம் அடங்கவில்லை. பணமில்லாதவர்களுக்காக அரசு கொண்டுவந்த சலுகையை, பணம் புரட்டிக் கொண்டு வந்தால் தருகிறேன் என்று சொல்வது எந்த வகையில் சரி? அந்த ஒதுக்கீட்டில் வருபவர்கள் அரசாணை நகலைக் கையில் வைத்துக்கொண்டே போங்கள். தங்கை படித்தது அரசு உதவி பெறும் பள்ளி, அதனால் 7.5 அவளுக்குக் கிடையாது. தமிழ் வழியில் படித்தவள் என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. சோப்பு, நாப்கின், ரீசார்ஜ் செலவுக்கு அது கைகொடுக்கிறது.

அறை நன்றாக இருக்கிறது. மூன்று பேருக்கு ஒன்று, ஆளுக்கொரு கட்டில், மேசை, பூட்டும் அலமாரி. மெத்தை, வாளி, பூட்டு நாம் கொண்டுபோக வேண்டும். கெட்டில், அயர்ன் பாக்ஸ் கூடாது. காலை இட்லி சுமார், மதியம் பரவாயில்லை, இரவுச் சப்பாத்தியைப் பற்றி எல்லா ஹாஸ்டலிலும் சொல்வதையே இங்கேயும் சொல்கிறார்கள். தண்ணீர் தாராளம், எனக்கு அது போதும். மாலை அட்டென்டன்ஸ் மட்டும் உறுத்துகிறது. பெண்கள் 7 மணிக்குள் உள்ளே இருக்க வேண்டும், ஆண்கள் ஹாஸ்டலுக்கு 9. நூலகம் 8 வரை திறந்திருக்கிறது, கடைசி ஒரு மணி நேரம் அது பெண்களுக்கு இல்லை என்று ஆகிவிடுகிறது. ஒரே கட்டணம் கட்டிப் படிக்கிறவர்களுக்கு ஏன் இந்த வித்தியாசம் என்று தங்கை முதல் மாதமே கேட்டாள், நானும் அவள் பக்கம்தான்.

காத்திருப்போர் பட்டியலில் மாட்டியவர்கள் உடனே வெளியே பிஜிக்கு, அதாவது தனியார் நடத்தும் தங்குமிடத்துக்கு, ஓட வேண்டாம். பிற்படுத்தப்பட்டோர், ஆதிதிராவிடர் நலத் துறை கல்லூரி விடுதிகள் பக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். 2025 ஜூலை முதல் இவற்றுக்குச் சமூகநீதி விடுதிகள் என்று பெயர். தங்குவதும் சாப்பாடும் இலவசம், வருமான வரம்பு உண்டு. பிற்படுத்தப்பட்டோர் நல விடுதிகளில் வீட்டுக்கும் கல்லூரிக்கும் குறைந்தது 8 கிலோமீட்டர் இருக்க வேண்டும் என்ற விதி மாணவிகளுக்குப் பொருந்தாது. பராமரிப்பு ஊருக்கு ஊர் மாறும், நேரில் போய்ப் பார்த்து முடிவு செய்யுங்கள். வேறு வழியில்லாமல் பிஜிதான் என்றால், ஜிஎஸ்டி என்று தனியாகக் கேட்டால் காரணம் கேளுங்கள். மாதம் 20,000 ரூபாய்க்குள் வாடகை, தொடர்ந்து 90 நாள் தங்கல் என்றால் 2024 முதல் விலக்கு இருக்கிறது.

அடுத்த ஆண்டுக்கு ஹாஸ்டல் தானாகத் தொடராது என்பதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இங்கே செமஸ்டர் முடியும் முன்பே மறுபடி படிவம் கொடுக்க வேண்டும், பாக்கி இருந்தால் வாங்க மாட்டார்கள், அறையும் மாறும். தங்கை இந்த முறை நூலகத்துக்குப் பக்கத்து பிளாக் கேட்டிருக்கிறாள், லோக்கல் கார்டியன் கட்டத்தில் அவள் துறைப் பேராசிரியை ஒருவரே கையெழுத்துப் போட ஒப்புக்கொண்டிருக்கிறார். அதை அலுவலகம் ஏற்றுக்கொண்டால் சேர்க்கைக்குக் கொடுத்த 2ஐ 3 ஆக்கிவிடுகிறேன்.