கையால் அடிக்கும் பாடிக்கு 3003-ஆ, 5052-ஆ?

பழைய கார் ஒன்றுக்கு முன் மட்கார்டு இரண்டையும் அலுமினியத்தில் அடித்து முடித்திருக்கிறேன். இடது பக்கத்தை 5052 தகட்டில் ஆரம்பித்தேன் (இந்த நான்கு இலக்க எண்கள் அலுமினியக் கலவைகளின் பெயர்கள்). பாதி வேலையில் அதை ஓரமாக வைத்துவிட்டு, 3003 வாங்கி முதலிலிருந்து அடித்தேன். வலது பக்கம் முழுக்க 3003-தான். ஒரே வடிவத்தை இரண்டு தகட்டிலும் அடித்துப் பார்த்ததால், இதே கேள்வியோடு நிற்பவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

இந்த வேலைக்குப் பொதுவாக நான்கு தகடுகளைச் சொல்வார்கள். 1100 என்பது 99 சதவீதம் சுத்த அலுமினியம். அடிப்பதற்கு இதைவிட இதமான தகடு கிடையாது, கை பழக அருமையானது. ஆனால் வண்டியில் மாட்டிய பிறகு லேசாக இடித்தாலே ஒடுக்கு விழும். 6061-டி6 தகட்டை (எண்ணுக்குப் பின் வருவது பதம், அதாவது தகட்டின் விறைப்பு நிலை) இந்தப் பேச்சிலேயே சேர்க்க வேண்டாம். பிராக்கெட்டுக்கும் சட்டத்துக்கும் நல்லது, சின்ன ஆரத்தில் மடக்கினால் மடிப்பிலேயே கீறிவிடும். மீதி இருப்பது 3003-உம் 5052-உம்.

3003-இல் 1 முதல் 1.5 சதவீதம் மாங்கனீஸ் இருக்கிறது. 5052-இல் சுமார் 2.5 சதவீதம் மக்னீசியம், கூடவே கொஞ்சம் குரோமியம். கடையில் அதிகம் கிடைக்கும் பதத்தில் பார்த்தால் 3003-எச்14 இழுவலிமை ஏறக்குறைய 150 மெகாபாஸ்கல், 5052-எச்32 ஏறக்குறைய 230. உப்புக்காற்றைத் தாங்குவதிலும் 5052 ஒரு படி மேல். அட்டவணையை மட்டும் பார்த்தால் யாரும் 5052-ஐத்தான் எடுப்பார்கள். நானும் அப்படித்தான் எடுத்தேன்.

அந்த அட்டவணை சொல்லாத விஷயம் வெல்டிங் தையல். மட்கார்டு ஒரே துண்டில் வராது. முன்மூக்கு, மேல்வளைவு, பக்கச்சுவர் என்று மூன்று துண்டாக அடித்து இணைக்க வேண்டும். இணைத்த பிறகும் வேலை முடிவதில்லை. வெல்டு ஆறும்போது தகடு சுருங்கி அந்த இடத்தை உள்ளே இழுக்கும். கீழே டாலியை (கையில் பிடிக்கும் இரும்புத் தாங்குகட்டை) கொடுத்து, தையலின் மேலேயே சுத்தியலால் தட்டித் தட்டி நீட்டினால்தான் வடிவம் திரும்ப வரும். அதனால் தையலும் அதன் இரு ஓரமும் பக்கத்துத் தகடு மாதிரியே அடி வாங்க வேண்டும்.

3003-இல் இது நடக்கிறது. அதே தகட்டின் ஓரத்திலிருந்து 2 மில்லிமீட்டர் அகலத்தில் வெட்டிய கீற்றையே தையலில் உருக்கி நிரப்பும் பில்லர் ராடாக வைத்து, ஆக்சைடைக் கரைக்கும் பிளக்ஸ் தடவி, கேஸ் வெல்டிங்கில் ஓட்டினேன். (1100 ராடும் இதற்குச் சரியாக வரும்.) வெல்டு மணியை (தையலில் புடைத்து நிற்கும் உலோக வரி) அரத்தால் இறக்கி, டாலி வைத்துத் தட்டினேன். முதல் சில அடியிலேயே தையல் பரந்து கொடுப்பது கையில் தெரிந்தது. பட்டி வைக்காமலே தையல் மறைந்தது. வெளிச்சத்தைச் சாய்வாகப் பிடித்துத் தேடினால்தான் இடம் தெரியும்.

5052-ஐ டிக் (டங்ஸ்டன் முனையின் மின்சுடரால் உருக்கும்) வெல்டிங்கில், மக்னீசியம் கலந்த 5356 ராடு வைத்து இணைத்தேன். மக்னீசியம் இருப்பதால் கேஸ் வெல்டிங்கில் பிளக்ஸுக்கு மேலேயும் ஆக்சைடு தொல்லை தரும், அதனால் டிக்கைத் தேர்ந்தேன். மணி பார்க்க அழகாகவே விழுந்தது. ஆனால் தட்டும்போது மணி அசையவில்லை, அதன் ஓரம்தான் அசைந்தது. மணி விறைப்பாகவும் இருபுறமும் சூட்டில் இளகிய தகடு மென்மையாகவும் இருக்க, அடி எல்லாம் அந்த மென்மையான கோட்டிலேயே இறங்கியது. மூக்கு வளைவில் மணியை ஒட்டி மயிரிழை போல ஒரு கீறல் விட்டது. அரைத்து, மறுபடி வெல்டு வைத்து, மறுபடி தட்டினேன். பக்கத்திலேயே இன்னொரு கீறல். அன்றுதான் அந்தத் துண்டை ஓரம் வைத்தேன். டிக்கில் என்னைவிடத் தேர்ந்த கை, மணியை மெலிதாக ஓட்டி இதைச் சமாளிக்கலாம். நான் 5052-இல் செய்தது இந்த அரை மட்கார்டும் கதவின் வெளித்தகடான ஒரு கதவுத் தோலும்தான், அதை மனதில் வைத்துப் படியுங்கள்.

இதோடு சேர்ந்ததுதான் பதம் இறக்குவதும். அடிக்க அடிக்க எந்த அலுமினியமும் விறைக்கும், 5052 இன்னும் வேகமாக விறைக்கும். விறைத்ததை இளக்க வழக்கமான வழி, ஆக்சிஜனை மூடி அசிட்டிலின் கரியைத் தகட்டில் படியவிட்டு, பிறகு சாதாரண தீநாக்கால் அந்தக் கரி மறையும்வரை சூடு காட்டுவது. 3003 இளகுவது சுமார் 415 டிகிரியில். கரி மறைவதும் ஏறக்குறைய அந்தச் சூட்டில்தான், அதனால் கணக்கு ஒத்துப்போகும். 5052 சுமார் 345 டிகிரியிலேயே இளகிவிடும். கரியை நம்பி நின்றால் தேவைக்கு மேல் சூடேறும், தகட்டுக்குள் இருக்கும் நுண்படிகங்கள் பருத்து, நீட்டும்போது தகட்டின் முகம் ஆரஞ்சுத் தோல் மாதிரி சொரசொரப்பாகும். அதற்குக் கட்டி சோப்பால் கோடு போட்டு, கோடு பழுப்பேறியதும் தீயை எடுக்க வேண்டும். எந்தத் தகடானாலும் அலுமினியம் இரும்பு போலச் சிவந்து எச்சரிக்காது, நேராக உருகி ஓட்டையாகும். இரண்டு தகட்டில் 5052 இன்னும் சீக்கிரம், 607 டிகிரியிலேயே உருக ஆரம்பித்துவிடும்.

5052 ஆதரவாளர்கள் 1948 லேண்ட் ரோவரைச் சொல்வார்கள். அதன் பாடி பிர்மாபிரைட், மக்னீசியம் கலந்த அலுமினியம்தான், உண்மை. ஆனால் அந்த வண்டியின் பலகைகளைப் பாருங்கள், பெரும்பாலும் தட்டை, ஓரங்களில் எளிய மடிப்பு. அந்த மாதிரி வேலைக்கு 5052-ஐ நானும் சொல்வேன். நான் அடித்த கதவுத் தோலும் ஏறக்குறைய தட்டைதான், வெல்டே இல்லை, இங்கிலீஷ் வீலில் (இரண்டு உருளைக்கு நடுவே தகட்டை உருட்டி வளைக்கும் கருவி) லேசான வளைவு மட்டும். அது எந்தத் தொல்லையும் தரவில்லை. முழங்கை பட்டாலும் ஒடுக்கு விழாமல் நிற்கிறது.

3003-இலும் முழுக்க இளகிய ஓ பதத்தை வாங்காதீர்கள். எச்14 வாங்கி, ஆழமாக இறக்க வேண்டிய இடத்தை மட்டும் இளக்கிக்கொள்ளலாம். ஓ பதத்தில் மேசையிலிருந்து தூக்கும்போதே தகடு நெளியும், அதிகம் அடிபடாத தட்டைப் பகுதி கடைசிவரை தொளதொளவென்றே இருக்கும்.

தகட்டின் கனம் (தடிமன்) 1.6 மில்லிமீட்டர். அலுமினியம் இரும்பு போல விறைப்பாக நிற்க ஏறக்குறைய 1.4 மடங்கு கனம் வேண்டும். அப்படிப் பார்த்தால் 1.2 தகடு 0.85 இரும்புக்குத்தான் சமம், நீட்டி, அரம் போட்ட பிறகு அதுவும் குறையும். 1.6 தகடு சதுர மீட்டருக்கு 4.3 கிலோதான், 1 மில்லிமீட்டர் இரும்பு 7.85 கிலோ.

கேஸ் வெல்டிங் என்றால் துண்டுகளை ஒன்றின் மேல் ஒன்று ஏற்றி வைக்காமல் ஓரத்தோடு ஓரம் சேருங்கள். ஏறிய இடத்துக்குள் மாட்டிய பிளக்ஸ் பெயின்ட்டுக்கு அடியில் தகட்டைத் தின்னும். உள்பக்கத்தையும் வெந்நீர் ஊற்றி பிரஷால் தேய்த்துக் கழுவ வேண்டும்.

மிச்சமான 5052-இல் சக்கரத்துக்கு உள்பக்கச் சேற்றுத் தடுப்பு வெட்டிக்கொண்டிருக்கிறேன், அதற்குப் பொருத்தமான தகடு. வெட்டிய துண்டு ஒவ்வொன்றிலும் எண்ணை மார்க்கரால் எழுதி வைக்கிறேன். மேலே ஒட்டிய பிளாஸ்டிக் உறையை உரித்துவிட்டால் இரண்டும் கண்ணுக்கு ஒன்றுதான்.