த்ரெடட் இன்டரப்டா, ஒர்க்கியூவா? ஒரு தொடுதிரை டிரைவரைத் திருப்பி எழுதியபோது

போன வருடம் ஒரு தொடுதிரை டிரைவர் என் தலையில் வந்து விழுந்தது. ஆர்ம் போர்டு, லினக்ஸ், ஐ2சி (சிப்புகளை இரண்டே கம்பியில் இணைக்கும் மெதுவான பஸ்) வழியாக இணைத்த டச் கன்ட்ரோலர். விரல் பட்டதும் அந்தச் சிப் ஒரு பின்னைக் கீழே இழுக்கும், இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்கு இன்டரப்ட், அதாவது 'கையில் இருப்பதை விட்டுவிட்டு இதைக் கவனி' என்ற சைகை வரும், டிரைவர் போய் விரல் இருக்கும் இடத்தைப் படித்து இன்புட் பகுதியிடம் ஒப்படைக்க வேண்டும். வேலை இவ்வளவுதான். அந்தப் படிப்பை எந்த இடத்தில் வைத்துச் செய்வது என்பதில்தான் வம்பே.

இன்டரப்ட் வந்ததும் ஓடும் ஃபங்ஷனான இன்டரப்ட் ஹேண்ட்லருக்குள்ளேயே படிக்க முடியாது. அங்கே தூங்கக் கூடாது, அதாவது பிராசசரை மற்ற வேலைகளுக்கு விட்டுக்கொடுத்துக் காத்திருக்கக் கூடாது. ஐ2சி பரிமாற்றமோ முடியும்வரை தூங்கிக் காத்திருக்கும். மீறினால் 'ஷெட்யூலிங் வைல் அடாமிக்' என்று கெர்னல் பக்கம் பக்கமாகத் திட்டும். தூங்காமல் சுற்றிக்கொண்டே காத்திருக்கலாமே என்றால், கணக்கு போட்டுப் பாருங்கள். ஐந்து விரலுக்கு 30 பைட், முகவரிக்கும் ரெஜிஸ்டர் எண்ணுக்கும் இன்னும் 3. பைட்டுக்கு 9 கிளாக் வீதம் 297. 400 கிலோஹெர்ட்ஸ் பஸ்ஸில் அது முக்கால் மில்லிவிநாடி. இன்டரப்டை அடைத்துக்கொண்டு ஒரு கோர் அவ்வளவு நேரம் நிற்பதை யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

ஆகவே வேலையை வெளியே தள்ள வேண்டும். டைமர் வைத்து 10 மில்லிவிநாடிக்கு ஒருமுறை போய்ப் பார்க்கும் வழி, யாரும் தொடாதபோதும் விநாடிக்கு 100 முறை பிராசசரை எழுப்பும். பேட்டரியில் ஓடும் சாதனத்துக்கு ஆகாது. வேலையைச் சற்றுத் தள்ளிவைக்கும் பழைய வழியான டாஸ்க்லெட்டிலும் தூங்க முடியாது, போதாததற்கு அதைப் படிப்படியாகக் கைவிடும் வேலை கெர்னலில் நடந்துகொண்டிருக்கிறது. மிஞ்சியவை இரண்டு: வேலையை வரிசையில் போட்டுக் கெர்னலின் பொது த்ரெட்டுகளிடம் விடும் ஒர்க்கியூ, இன்டரப்டுக்கென்றே தனி த்ரெட் தரும் த்ரெடட் இன்டரப்ட்.

எனக்குக் கைமாறி வந்த டிரைவர் ஒர்க்கியூவில் இருந்தது. பழைய பாணி. ஹேண்ட்லர் இன்டரப்ட் லைனை முடக்கிவிட்டு, ஒரு வேலையை வரிசையில் போட்டுவிட்டுத் திரும்பிவிடும். கே-ஒர்க்கர் என்ற அந்தப் பொது த்ரெட்டுகளில் ஒன்று பிறகு அதை எடுத்து, ஐ2சி-யைப் படித்து, லைனை மறுபடி திறந்துவிடும். லைனை ஏன் முடக்க வேண்டும்? இது லெவல் இன்டரப்ட், பின் கீழே இருக்கும்வரை வந்துகொண்டே இருக்கும். சிப்பைப் போய்ப் படிக்கும்வரை பின் கீழேயே இருக்கும். முடக்காமல் திரும்பினால் அடுத்த கணமே அதே இன்டரப்ட், அதற்கடுத்த கணமும் அதே. முடக்கும்போதும் காத்திருக்காத வகைதான் வேண்டும். காத்திருக்கும் வகையை ஹேண்ட்லருக்குள் அழைத்தால் அது தான் முடிவதற்குத் தானே காத்துக்கொண்டு அப்படியே உறைந்துவிடும்.

ஆக, பூட்டுவது ஒருவர், சாவி இன்னொருவரிடம். தகராறு அங்கேதான் ஆரம்பித்தது. எப்போதாவது ஒருநாள் திரை செத்துப்போகும், ரீபூட் செய்தால் சரியாகிவிடும். முதலில் சிப்பைச் சந்தேகித்தேன், அப்புறம் கேபிளை. கடைசியில் பார்த்தால், ஐ2சி படிப்பு தோற்றால் அந்த ஃபங்ஷன் பாதியிலேயே திரும்பும் ஒரு வழி இருந்தது. அந்த வழியில் லைனைத் திறக்கும் வரி இல்லை. பஸ்ஸில் ஒரே ஒரு பிழை வந்தால் போதும், இன்டரப்ட் நிரந்தரமாக மூடிக்கொள்ளும். ஒரு வரியில் திருத்திவிடலாம் என்பது உண்மைதான். ஆனால் நாளை இன்னொருவர் இன்னொரு பிழைச்சோதனையைச் சேர்ப்பார், அவரும் அதே வரியை மறப்பார்.

த்ரெடட் இன்டரப்ட் 2009-இல், 2.6.30 கெர்னலில் தாமஸ் க்ளெய்க்ஸ்னர் கொண்டுவந்தது. இன்டரப்டைப் பதிவு செய்யும்போதே இரண்டு ஃபங்ஷன் கொடுக்கலாம்: உடனே ஓடும் ஒரு சின்ன ஹேண்ட்லர், தூங்க அனுமதியுள்ள ஒரு த்ரெட் ஃபங்ஷன். எனக்கு முதலாவது தேவைப்படவில்லை, காலியாக விட்டேன். அப்படி விட்டால் 'ஒன்ஷாட்' கொடியைக் கட்டாயம் போட வேண்டும், இல்லாவிட்டால் கெர்னல் பதிவையே மறுத்துவிடும். அந்தக் கொடியின் பொருள், த்ரெட் ஃபங்ஷன் திரும்பும்வரை லைன் மூடியே இருக்கட்டும் என்பது. பூட்டுவதும் திறப்பதும் கெர்னல் பாடு. என் ஃபங்ஷன் எந்தப் பிழையில், எந்த வழியில் திரும்பினாலும் லைன் திறந்துவிடும். அந்த ஒரு வரியை மறக்க இனி இடமே இல்லை.

இதைவிடப் பெரிய நிம்மதி, டிரைவரைக் கழற்றும் நேரத்தில். பழைய டிரைவரில் இன்டரப்டை 'டெவ்எம்' வகையில், அதாவது கெர்னலே தானாக விடுவிக்கும் விதத்தில் பதிவு செய்திருந்தார்கள். கழற்றும்போது ஓடும் ரிமூவ் ஃபங்ஷனில் நிலுவை வேலையை ரத்து செய்யும் வரியும் ஒழுங்காக இருந்தது. பார்க்கச் சுத்தமான கோட். ஆனால் டெவ்எம் விடுவிப்பு நடப்பது ரிமூவ் முடிந்த பிறகு. ரத்து செய்ததற்கும் இன்டரப்ட் விடுபடுவதற்கும் இடையே ஒரு விரல் பட்டால், ஹேண்ட்லர் ஓடி வேலையை மறுபடி வரிசையில் போடும். அது ஓடும்போது டிரைவரின் நினைவகம் கைவிட்டுப் போயிருக்கும். திரையைத் தேய்த்துக்கொண்டே மாட்யூலைத் திரும்பத் திரும்ப ஏற்றி இறக்கியபோது எனக்கு இது கையும் களவுமாகச் சிக்கியது. 5.13 முதல் ஒர்க்கியூ வேலையையும் டெவ்எம் வகையில் ரத்து செய்யும் வசதி இருக்கிறது; இன்டரப்டுக்கு முன்னால் அதைப் பதிவு செய்தால் வரிசை சரியாகும். ஆனால் அந்த வரிசைதான் உயிர் என்று அடுத்து வருபவருக்கு யார் சொல்வது? த்ரெடட் முறையில் இன்டரப்டை விடுவிக்கும் அழைப்பே ஓடிக்கொண்டிருக்கும் த்ரெட் முடியும்வரை காத்திருக்கிறது. ரத்து செய்யத் தனியாக எதுவும் கிடையாது.

சாதனம் உறக்கத்துக்குப் போகும் சஸ்பெண்டிலும் இதே கதை. இன்டரப்டை முடக்கும் சாதாரண அழைப்பு ஹேண்ட்லருக்கும் அதன் த்ரெட்டுக்கும் காத்திருக்கும். ஒர்க்கியூவில் கிடக்கும் வேலையைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது. பஸ் தூங்கப்போன பிறகு ஒரு வேலை எழுந்து படிக்கப் பார்த்தால் வரும் பிழைகளை லாகில் நிறையப் பார்த்துவிட்டேன்.

இன்னொரு வசதி, யார் என்ன செய்கிறார்கள் என்பது கண்ணுக்குத் தெரியும். ஓடுபவற்றைப் பட்டியலிடும் பிஎஸ் கட்டளையை அடித்தால் ஐஆர்கியூ என்ற முன்னொட்டோடு எண்ணும் டிரைவர் பெயருமாக ஒரு த்ரெட் நிற்கும். ஒர்க்கியூவில் யாருடைய வேலை என்று சட்டென்று சொல்ல முடியாத ஒரு கே-ஒர்க்கர் கூட்டம்தான். தவிர, இன்டரப்ட் த்ரெட் பிறக்கும்போதே சாதாரண வேலைகளை முந்தும் ஃபிஃபோ ரகத்தில் 50 முன்னுரிமையோடு வருகிறது. வீடியோ ஓடி எல்லாக் கோரும் திணறும்போதும் திரை விரலோடு ஒட்டி நகர்ந்தது, பழையதில் இழுபட்டது. இதை நான் அளந்து பார்க்கவில்லை, கண்ணால் கண்டதுதான்.

ஒர்க்கியூவைத் தூக்கி எறிந்துவிட்டேன் என்றும் சொல்ல முடியாது. சிப் மாட்டிக்கொண்டால் ரீசெட் பின்னை இழுத்து, 200 மில்லிவிநாடி காத்திருந்து, அமைப்புகளை மறுபடி எழுத வேண்டும். அதை இன்டரப்ட் த்ரெட்டுக்குள் செய்தால் அத்தனை நேரமும் லைன் மூடிக் கிடக்கும். அதனால் அந்த ரீசெட் மட்டும் தாமத வேலையாக ஒர்க்கியூவிலேயே இருக்கிறது, மேலே சொன்ன டெவ்எம் வரிசையோடும் பெரிய எழுத்தில் ஒரு கமென்ட்டோடும். ஒரே லைனை இரண்டு சாதனங்கள் பகிர்ந்தால் ஒன்ஷாட் கொடி இரண்டிலும் ஒத்துப்போக வேண்டும் என்ற தொல்லையும் உண்டு. மற்ற டிரைவர் நம் கையில் இல்லையென்றால் அங்கே ஒர்க்கியூதான் சுலபம்.

பின் நிலை மாறும் கணத்தில் மட்டும் வரும் எட்ஜ் இன்டரப்ட் என்றால் இரண்டுக்கும் ஒரே எச்சரிக்கை. த்ரெட்டோ வேலையோ ஏற்கெனவே காத்திருக்கும்போது வரும் அடுத்தடுத்த துடிப்புகள் ஒன்றாகச் சேர்ந்துவிடும். அங்கே எண்ணிக்கையை நம்பாமல், சிப்பில் இருப்பது தீரும்வரை படிக்க வேண்டும்.

நான் சொன்னதெல்லாம் விநாடிக்கு நூறு, இருநூறு இன்டரப்ட் வரும் சாதனத்தின் அனுபவம். நெட்வொர்க் கார்டு மாதிரி வெள்ளமாக வரும் இடத்துக்கு நாபி என்ற முறை இருக்கிறது: முதல் இன்டரப்டோடு லைனை மூடிவிட்டு, பாக்கெட் தீரும்வரை தானே போய்ப் பார்க்கும். அதை வாசித்திருக்கிறேனே தவிர எழுதியதில்லை. காலக்கெடு தவறாமல் பதில் தருவதற்கான நிகழ்நேர கெர்னலிலும் இந்த டிரைவரை இன்னும் ஓட்டிப் பார்க்கவில்லை. 2024-இல் 6.12-லிருந்து அது மூலக் கெர்னலிலேயே கிடைக்கிறது, அங்கே கிட்டத்தட்ட எல்லா ஹேண்ட்லரும் தாமாகவே த்ரெட் ஆகிவிடும். அப்போது என் 50, மற்றவர்களின் 50-களுக்கு நடுவில் எப்படி நிற்கும் என்பதை ஓட்டித்தான் பார்க்க வேண்டும்.