லெக்கா, ஹென்றியா?

கொழும்பில் பழைய பறவைப் புத்தகம் தேடி இறங்கினால் பேச்சு கடைசியில் இரண்டு பெயர்களில் வந்து நிற்கும். ஒன்று லெக், மற்றது ஹென்றி.

லெக் பிரித்தானியப் பீரங்கிப் படை அதிகாரி. அவருடைய இலங்கைப் பறவைகளின் வரலாறு 1878 முதல் 1880 வரை லண்டனில் வெளிவந்தது. படங்கள் கையால் நிறம் தீட்டியவை. உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தால் அச்சுப் புள்ளிகள் தெரியாது. தூரிகை சில இடங்களில் கோட்டைத் தாண்டியிருப்பதுதான் தெரியும். வரைந்தவர் கியூலமன்ஸ். பாடம் செய்த தோல்களைப் பார்த்து வரைந்தவர். செத்த பறவையின் அலகும் காலும் நிறம் மங்கிவிடும் என்பதை மறந்துவிடக்கூடாது.

ஹென்றி 1891இல் இங்கே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர், கொழும்பு நூதனசாலையில் வேலை பார்த்தவர். அவருடைய வண்ணப்படத் தொகுதி 1927 தொடக்கம் 1935 வரை நாலு பகுதிகளாக வந்தது. படங்கள் ஹென்றியுடையவை, எழுத்து வெயிட் என்ற இன்னொருவருடையது. பறவை கிளையில் எப்படிக் குந்தியிருக்கும் என்று ஹென்றிக்குத் தெரியும். என் ஓட்டு அவருக்கே.

லெக்கை வாசிக்க மட்டும்தான் வேண்டுமென்றால், தெஹிவளையில் 1983இல் வந்த மறுபதிப்பு போதும்.

ஆனால் படத்தைவிட எனக்கு முக்கியம், புத்தகம் யார் யாரிடம் இருந்து வந்தது என்பது. மருதானைப் பக்கம் ஒருவர் காட்டிய லெக் பிரதி பார்க்கக் கண்ணைப் பறித்தது. தலைப்புப் பக்கத்தில் மட்டும் தீப்பெட்டி அளவில் ஒரு சதுரம் வெட்டி, பின்னால் வேறு தாள் ஒட்டியிருந்தது. அங்கே நூலக முத்திரை இருந்திருக்க வேண்டும். முத்திரை இருந்தால் பிழையில்லை. நூலகமே கழித்துவிட்டது என்பதற்கு இன்னொரு முத்திரையும் இருக்கும். வெட்டியது ஏன்? “பூச்சி அரிச்சது, தம்பி” என்றார். இராமபாணப் பூச்சி அடிமட்டம் வைத்தா அரிக்கும்?

அப்புறம் பார்த்த ஹென்றியில் இரண்டாம் பகுதி ஈரம்பட்டு அலையலையாகச் சுருண்டிருந்தது. அட்டைக்குள்ளே ஒரு தோட்டத்துரையின் கையெழுத்து, அதன்கீழ் வேறு மையில் ஒரு தமிழ்ப் பெயர். ஒரு பக்க ஓரத்தில் பென்சிலில்: “ஆறுமணிக்குருவி. கிணற்றடி. ஒக்டோபர் 12, பின்னேரம்.”

சுருண்ட பகுதிக்காக விலையைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லிக் கேட்டேன். குறைக்கவில்லை. சரி என்று வாங்கிவிட்டேன்.