பூஸ்ட் பம்பை ஓடவிட்டு “பிரஷர் நல்லா இருக்கு” என்றார்கள்

சின்ன விமானம் வைத்திருப்பவர்கள், அதிலும் இறக்கை கீழே இருக்கும் ரகம் வைத்திருப்பவர்கள், என்ஜின் ஃப்யூயல் பம்பை மாற்றக் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். பட்டறையின் பெயரைப் போடவில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அது முடியட்டும்.

என்னுடையது பழைய பைப்பர் செரோக்கி, லைக்காமிங் ஓ-320 என்ஜின். டேங்குகள் இறக்கைக்குள் இருக்கின்றன, கார்புரேட்டர் அவற்றைவிட உயரத்தில். மேலிறக்கை விமானத்தில் போலப் பெட்ரோல் தானாக இறங்கி வராது; என்ஜினின் பின்பக்கம் இருக்கும் பம்ப்தான் உறிஞ்சிக் கொடுக்க வேண்டும். அது படுத்துவிட்டால் காப்பாற்ற மின்சார பூஸ்ட் பம்ப். ஏறும்போதும் இறங்கும்போதும் இரண்டும் ஓடும். உயரம் பிடித்ததும் பூஸ்ட் பம்பை அணைத்துவிட்டு, என்ஜின் பம்ப் தனியாகத் தாங்குகிறதா என்று ஃப்யூயல் பிரஷர் கேஜின் ஊசியைப் பார்ப்பது வழக்கம்.

அன்று அணைத்த சில நொடிகளில் ஊசி சரிய ஆரம்பித்தது. 4, 3, 2... சரியான அளவைக் காட்டும் பச்சைக்கோடு 0.5-இலிருந்து 8 பி.எஸ்.ஐ. வரை. அடிக்கோட்டைத் தொடுவதற்குள் சுவிட்சைத் திரும்பப் போட்டுவிட்டேன். அப்படியே திரும்பி வந்து இறங்கி என்ஜின் மூடியான கவுலிங்கைத் திறந்தால், பம்பின் வென்ட் குழாய் முனையில் நீலக்கறை. 100எல்எல் என்ற விமானப் பெட்ரோலின் சாயம் அது. பம்புக்குள் இருக்கும் சவ்வு, அதாவது டயாஃப்ரம், கிழிந்திருக்கிறது என்று சொல்ல வேறு சாட்சி தேவையில்லை. மொபைலை உள்ளே நுழைத்து இரண்டு படம் எடுத்து வைத்தேன். ஏன் எடுத்தேன் என்று அப்போது கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது.

பட்டறையில் புதுப் பம்ப், சான்றிதழோடு, ஒரு வாரம் என்றார்கள். முழுப் பணத்தையும் முன்னாலேயே கொடுத்தது என் முட்டாள்தனம். ஒரு வாரம் ஐந்து வாரம் ஆனது. பழைய பம்பைக் கேட்டேன். “அதைக் கம்பெனிக்குத் திருப்பி அனுப்பியாச்சு சார், அனுப்பினாதான் இந்த விலை” என்றார் மேலாளர். மாற்று பாகத்துக்குப் பழையதை வாங்கிக்கொள்ளும் பழக்கம் உண்மையிலேயே உண்டு என்பதால் நம்பிவிட்டேன். சான்றிதழ்? “ஃபைல்ல இருக்கு, அனுப்பிடறோம்.”

விமானத்தை ஒப்படைத்த அன்று மெக்கானிக் இடது சீட்டில், நான் வலதில். என்ஜின் ஓடுகிறது, ஊசி 5-இல் ஆடாமல் நிற்கிறது. “பாருங்க சார், பிரஷர் நல்லா இருக்கு.” நானும் ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தேன். சுவிட்சைப் பார்க்கவில்லை. பூஸ்ட் பம்ப் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது!

மறுநாள் தனியாக ரன்-அப், அதாவது தரையிலேயே என்ஜினை ஓட்டிச் சோதனை, செய்து பார்த்தேன். 1800 ஆர்.பி.எம்.மில் பூஸ்ட் பம்பை அணைத்தேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, ஊசி 1-க்கு வந்துவிட்டது. போன் செய்தால், “கேஜ் பழசு சார், அதைத்தான் மாத்தணும்.” பூஸ்ட் பம்ப் ஓடும்போது மட்டும் அதே கேஜ் சரியாக 5 காட்டுகிறதே என்றேன். பதில் இல்லை. கேஜ் மாற்றுவதற்கான எஸ்டிமேட் மட்டும் மாலையே வந்து சேர்ந்தது. அதில் மட்டும் நல்ல வேகம்.

அப்புறம் இன்னொரு மெக்கானிக்கைப் பிடித்தேன். வயதானவர், அதிகம் பேசமாட்டார். டார்ச்சையும் சின்னக் கண்ணாடியையும் உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு, “பெயிண்ட் புதுசு, பம்ப் புதுசில்ல” என்றார். கழற்றி மேஜையில் வைத்துத் துணியில் தின்னர் தொட்டுத் துடைத்தார். பெயிண்ட் உரிந்தது. பம்பை என்ஜினோடு பொருத்தும் ஃபிளாஞ்சின் ஓரத்தில் பிறை போல ஒரு ஸ்பேனர் வடு, அதன் பக்கத்திலேயே சீரியல் எண். என் மொபைலில் அதே வடு, அதே எண். என் பம்புக்கே பெயிண்ட் அடித்து எனக்கே விற்றிருக்கிறார்கள். உள்ளே என்ன ஒட்டுவேலை செய்தார்களோ, பிரித்துப் பார்க்கவில்லை. சாட்சிப் பொருளைக் கெடுக்கக் கூடாது என்று அவர் சொல்லிவிட்டார். குழாயை இணைக்கும் எல்போவின் மறைகளில் வெள்ளை டெஃப்லான் டேப் வேறு சுற்றியிருந்தது. அது பிய்ந்து இழையிழையாகக் கார்புரேட்டருக்குப் போனால் என்ன ஆகும் என்று நினைக்கவே வயிற்றைக் கலக்குகிறது.

புதுப் பம்பை அவர் மாட்டியதைக் கூடவே நின்று பார்த்தேன். இந்த என்ஜினில் பம்பின் நெம்புகோலைத் தள்ளுவது பிளஞ்சர் என்ற ஒரு சின்னத் தண்டு. பம்பைக் கழற்றினால் அது கீழே வழுக்கி வரும். கவனிக்காமல் மாட்டினால் நெம்புகோல் அதன்மேல் சரியாக உட்காராமல் பக்கத்தில் மாட்டிக்கொள்ளும். அவர் ஸ்பார்க்குக்கு மின்சாரம் கொடுக்கும் மேக்னெட்டோவின் சுவிட்ச் அணைந்திருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்து, ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றிய பிறகே என்னைப் புரொப்பெல்லரை மெதுவாகச் சுற்றச் சொன்னார். பிளஞ்சர் உள்ளே போய் வருவதை விரலால் தொட்டுப் பார்த்தார். அது மிகக் குறைவாக வெளியே நீட்டும் இடத்தில் நிறுத்தி, கிரீஸ் தடவி ஒட்டவைத்தார். புது கேஸ்கெட் போட்டார். இரண்டே போல்ட்தான், ஆனால் ஒன்றுக்குக் கையே போகாது; அதற்கே ஒரு மணி நேரம். பிறகு பூஸ்ட் பம்பை மட்டும் ஓட்டிக் கசிவு பார்த்தார். அடுத்து என்ஜினை ஓட்டி, பூஸ்ட் பம்பை அணைத்துவிட்டுப் பத்து நிமிடம் வாட்சைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஊசி 4-இல் நின்றது.

பம்ப் வந்த பெட்டியையும், பாகம் பொருத்தத் தகுந்தது என்று காட்டும் அமெரிக்க எஃப்.ஏ.ஏ. 8130-3 சான்றிதழையும் கேட்காமலேயே என் கையில் கொடுத்தார். சீரியல் எண்ணை என்னையே படிக்கச் சொல்லி லாக்புக்கில் எழுதினார். ஐரோப்பாவிலிருந்து வரும் பாகமென்றால் 8130-3-க்குப் பதில் ஈ.ஏ.எஸ்.ஏ. ஃபார்ம் 1 என்ற சான்றிதழ் இருக்கும். முதல் பட்டறையின் லாக்புக் பதிவை இப்போது திரும்பப் பார்த்தால் ‘ஃப்யூயல் பம்ப் மாற்றப்பட்டது’ என்று ஒரே வரி. பாக எண் இல்லை, சீரியல் எண் இல்லை. அன்றே கண்ணில் பட்டிருக்க வேண்டும்.

போன வாரம் அந்த மேலாளரே கூப்பிட்டார். பேசித் தீர்த்துக்கொள்ளலாமாம். அந்தப் பழைய பம்பைத் திருப்பிக் கொடுத்தால் பாதிப் பணம் தருவார்களாம். கம்பெனிக்கு அனுப்பிவிட்ட பம்ப் என்னிடம் எப்படி இருக்கும் என்று கேட்டேன். லைன் கட்டாகிவிட்டது. பம்ப் ஒரு பிளாஸ்டிக் பையில், பாதி பெயிண்ட் உரிந்தபடி, என் அலமாரியில்தான் இருக்கிறது.