வீட்டை விற்கும் முன்: பெயிண்ட் அடிப்பதா, அப்படியே காட்டுவதா?

சென்னையில் வீட்டை விற்கப்போகிறோம் என்று வெளியே சொன்னதுமே இரண்டு விதமான யோசனை வரும். "ஒரு கோட்டிங் அடிச்சு, கிச்சனை மாத்திடுங்க, பத்து லட்சம் கூடவே கிடைக்கும்" என்பார் ஒருவர். "வாங்குறவன் எப்படியும் இடிக்கப்போறான், ஒரு ரூபாய்கூடப் போடாதீங்க" என்பார் இன்னொருவர். இருவர் சொல்வதும் சரிதான். ஆளுக்கு ஒரு வீட்டை மனதில் வைத்துக்கொண்டு பேசுகிறார்கள், அவ்வளவுதான். உங்கள் வீட்டை வாங்க வரப்போவது யார் என்று முடிவாகும் முன் பெயிண்டரைக் கூப்பிடாதீர்கள்.

மனைக்காக வருபவர்

ஒரு கிரவுண்ட், அதாவது 2400 சதுர அடி. நாற்பது வருடத்துக்கு முன் கட்டிய தனி வீடு. மொசைக் தரை, பின்னால் கிணறு, துவைக்கிற கல். இதைப் பார்க்க வருபவர் பெரும்பாலும் பில்டர். இல்லையென்றால் இடித்துவிட்டு அண்ணன் தம்பியாக மாடி கட்ட நினைப்பவர். 2019 கட்டட விதிகளின்படி சாதாரணக் கட்டடத்துக்கு எஃப்எஸ்ஐ 2, அதாவது மனையின் பரப்பைப்போல் இரண்டு மடங்கு கட்டலாம். அந்த மனையில் சுமார் 4800 சதுர அடி எழுப்பலாம் என்ற கணக்குதான் அவர் மனதில் ஓடிக்கொண்டிருக்கும். ஹாலை எட்டிப் பார்த்துவிட்டு உடனே வெளியே போய், முகப்பு எத்தனை அடி, ரோடு எத்தனை அடி என்று டேப் பிடிப்பார்.

இவரிடம் அப்படியே காட்டுவதுதான் லாபம். புதுப் பெயிண்ட்டைப் பார்த்தால் உள்ளுக்குள் சிரித்துக்கொள்வார். செடி கொடியை வெட்டி நாலு பக்கச் சுவரும் தெரியும்படி வைத்தால் போதும். பெயிண்டுக்கு எடுத்துவைத்த பணத்தைப் பத்திரத்தில் போடுங்கள்: மூலப்பத்திரம், பட்டா அல்லது நகர நில அளவைப் பதிவேட்டு நகல், 30 வருட வில்லங்கச் சான்று, சொத்து வரி ரசீது. வீடு இன்னும் அப்பா பெயரிலேயே இருந்தால் இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும். அளந்து பார்த்தால் ஒரு பக்கம் பத்திரத்தில் இருப்பதைவிட இரண்டடி குறைகிறது, பெங்களூரில் இருக்கும் அக்கா இன்னும் கையெழுத்துக்குச் சம்மதிக்கவில்லை: விலையை இடிப்பது இந்த மாதிரி விஷயங்கள்தான். எந்த பெயிண்டும் இதை மறைக்காது.

குடியேற வருபவர்

பத்துப் பதினைந்து வருட ஃபிளாட் என்றால் கதையே வேறு. இங்கே வருவது ஒரு குடும்பம், அவர்கள் கையில் பணம் குறைவு. 80 லட்ச ரூபாய் ஃபிளாட்டை எடுத்துக்கொள்வோம். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக் கடனுக்கு வங்கி அதிகபட்சம் 80 சதவீதம்தான் தரலாம். மீதி 16 லட்சத்தைக் கையிலிருந்து போட வேண்டும். முழு விலைக்கும் பதிவு செய்தால் முத்திரைத்தாள் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்று இன்னொரு 7.2 லட்சம். வாங்கிய பிறகு ரிப்பேருக்கு என்று அவர்களிடம் எதுவும் மிஞ்சாது. அதனால் சாமான்களை இறக்கி அன்றே பால் காய்ச்சலாம் என்ற நிலையில் இருக்கும் வீட்டுக்குக் கொஞ்சம் கூடவே கொடுப்பார்கள்.

இங்கேதான் பெயிண்ட் வேலை செய்யும். ஆனால் ஒழுகலை நிறுத்திவிட்டு அடிக்க வேண்டும். பலரும் இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்கிறார்கள். அனுபவமுள்ள ஆள் உள்ளே வந்ததும் நேராக பாத்ரூமுக்குப் போய் அண்ணாந்து பார்ப்பார். கம்பி துருப்பிடித்து சிமென்ட் உப்பியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பீரோவுக்குப் பின்னால் கையை விட்டுச் சுவரைத் தடவுவார். நாலு சுவர் பழசாக இருக்க, ஒரு மூலையில் மட்டும் புது வெள்ளை தெரிந்தால் ஓதம் எங்கே என்று நீங்களே காட்டிக்கொடுத்த மாதிரி. மேல் வீட்டு பாத்ரூமிலிருந்து கசிகிறதென்றால் வேலை அவர்கள் தரையில் நடக்க வேண்டும். அவர்களைச் சம்மதிக்க வைப்பதற்கே மாதக்கணக்கில் ஆகலாம் என்பதால் முதலில் தொடங்க வேண்டியது அந்தப் பேச்சுவார்த்தை. தேவைப்பட்டால் செலவில் பாதியை நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள்; பேரத்தில் அதைவிடக் கூடுதலாகப் போகும்.

ஆடியிலும் மார்கழியிலும் அட்வான்ஸ் கொடுக்கப் பலர் தயங்குவார்கள். சும்மா கிடக்கும் அந்த மாதங்களில் வேலையை முடித்து, ஆவணியிலோ தையிலோ காட்டினால் பொருத்தமாக இருக்கும். ஐப்பசி மழையில் ஈரச் சுவர்மேல் அடித்த பெயிண்ட், வாங்குபவர் வரும் நாளில் கொப்புளம் விட்டு நிற்கும்.

சின்னச் செலவுகளில் பலன் தருபவை: சொட்டும் குழாய், ஆடும் சுவிட்ச், மூடாத கதவு, கொசுவலை. அசோசியேஷன் பாக்கியையும் கட்டி ரசீது வாங்கிவிடுங்கள்.

முழுதாகப் புதுப்பிப்பது

அப்படியே காட்டுவது, பெயிண்ட் அடிப்பது, முழுதாகப் புதுப்பிப்பது என்ற மூன்று வழிகளில் எனக்குப் பிடிக்காதது இதுதான். மாடுலர் கிச்சன், ஃபால்ஸ் சீலிங், புது டைல்ஸ் என்று போட்ட காசு முழுசாகத் திரும்புவது அபூர்வம். உங்களுக்குப் பிடித்த நிறம் வாங்குபவருக்குப் பிடிக்காது. பிடித்தாலும், கூட வந்த வாஸ்துக்காரர் அடுப்பை அக்னி மூலைக்கு மாற்றச் சொல்லிவிட்டுப் போவார். வீட்டை விற்ற லாபத்துக்குக் கட்டும் மூலதன ஆதாய வரி கணக்கிலும் ஒரு வித்தியாசம் உண்டு. நிரந்தரமான மேம்பாட்டுக்கு பில் இருந்தால் அடக்க விலையோடு சேர்த்துக் காட்டலாம். பெயிண்டையும் வழக்கமான ரிப்பேரையும் அப்படிச் சேர்க்க முடியாது. அதற்காகவே கிச்சன் போடலாமா என்றால், வேண்டாம். நூறு ரூபாய் செலவழித்து அதில் கொஞ்சம் வரி மிச்சம் பிடிக்கும் யோசனை அது.

குடியிருந்தபடியா, காலி செய்தா, வாடகைக்காரரோடா?

குடியிருந்தபடி காட்டினால் வீடு உயிரோடு இருக்கும். மோட்டார் ஓடும், தண்ணீர் வரும், பெட்ரூமில் கட்டில் போட்டால் எவ்வளவு இடம் மிஞ்சும் என்பது தெரியும். சிக்கல் நாம்தான். "இது பர்மா தேக்கு, அப்பா கூடவே நின்னு செஞ்சது" என்று அறை அறையாகப் பின்தொடர்ந்தால் வந்த தம்பதி தங்களுக்குள் ஒரு வார்த்தை பேசிக்கொள்ள முடியாது. பத்து நிமிடம் மொட்டை மாடிச் சாவியைக் கையில் கொடுத்து அவர்களை மட்டும் அனுப்புங்கள். கொடிக்கயிற்றுத் துணி, ஃப்ரிட்ஜ் மேல் அடுக்கிய டப்பாக்கள், லாஃப்டில் திணித்த பரண் சாமான் எல்லாம் முதல் நாளே இறங்கிவிட வேண்டும். போட்டோ எடுக்கும் முன் இது இரட்டிப்பாகப் பொருந்தும். மேஜிக்பிரிக்ஸ், 99ஏக்கர்ஸ் மாதிரி வீடு விற்கும் இணையதளங்களில் விளம்பரத்தைத் திறப்பவர் முதல் படத்திலேயே முடிவெடுத்துவிடுவார்.

காலி வீட்டைக் காட்டுவது சுலபம், எப்போது வேண்டுமானாலும் திறக்கலாம். ஆனால் மூடிக் கிடந்த வீட்டுக்கென்று ஒரு நாற்றம் உண்டு. பாத்ரூம் தரை ஜாலிக்குக் கீழே தேங்கி நிற்கும் தண்ணீர்தான் சாக்கடை வாயுவை மேலே வரவிடாமல் தடுக்கிறது. புழக்கம் இல்லையென்றால் அது வற்றிப்போகும், வாடை மேலே ஏறும். வருபவரோ பைப் உடைந்திருக்கிறது என்று நினைத்துக்கொள்வார். வாரம் ஒருமுறை ஒவ்வொரு பாத்ரூமிலும் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி, குழாயில் துருத் தண்ணீர் போகும்வரை திறந்துவிட்டு, மோட்டாரையும் ஓட்டிவிட்டு வாருங்கள். மின் இணைப்பைத் துண்டித்துவிடாதீர்கள். இருட்டில் டார்ச் அடித்துப் பார்த்த வீட்டுக்கு யாரும் நல்ல விலை சொல்வதில்லை.

வாடகைக்காரர் இருக்கும்போது காட்டுவது மூன்றிலும் மோசம். அவருக்கு இதில் நயா பைசா ஆதாயமில்லை. வீடு மாறும் அலைச்சல்தான் மிச்சம். "தண்ணி எப்படிங்க?" என்று கேட்டால், "மே மாசம் லாரிதான் சார்" என்று உண்மையைச் சொல்லிவிடுவார். சொல்லட்டும், அது அவர் தப்பில்லை. காட்டியே தீர வேண்டுமென்றால் ஞாயிறு காலை என்று ஒரே நேரத்தை அவரோடு பேசி வைத்துக்கொண்டு, எல்லாரையும் அப்போதே வரவழையுங்கள். வாடகைக்கு விட வாங்குபவர் என்றால் மட்டும் வாடகைக்காரர் இருப்பது பலம்.

மூன்றிலும் வரும் ஒரு கேள்வி: "2015 வெள்ளத்துல எவ்வளவு தண்ணி வந்துச்சு? 2023 மிக்ஜாம் புயல்ல?" வேளச்சேரி, முடிச்சூர் பக்கம் என்றால் இதைத்தான் முதலில் கேட்பார்கள். உள்ளே வந்திருந்தால் எத்தனை அடி என்று சொல்லிவிடுங்கள். எதிர் வீட்டு வாட்ச்மேனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு வந்துதான் உங்களிடம் கேட்கிறார்கள்.

அட்வான்ஸ் பேச்சு வந்துவிட்டால் காசோலையாகவோ வங்கி வழியாகவோ வாங்குங்கள். வீட்டு விற்பனைக்காக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் வரலாம். விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் வாங்குபவர் 1 சதவீதம் டிடிஎஸ் (முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி) பிடித்துக்கொண்டுதான் தருவார், அது உங்கள் வரிக் கணக்கில் வரவாகிவிடும்.