ஹாலா, வளவா?

காரைக்குடிப் பக்கம் பழைய செட்டிநாட்டு வீட்டைச் சுற்றிக் காட்டுகிறவர்கள் வளவில், அதாவது வீட்டு நடுவில் உள்ள முற்றத்தில் நின்றுகொண்டு, "இதுதான் ஹால்" என்கிறார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை.

ஆங்கிலத்தில் ஹால் என்பது கூட்டம் கூடும் பெரிய அறை. வாசலை ஒட்டிய நடைவழிக்கும் அதே சொல்தான். நாம் அதை டிவியும் சோபாவும் இருக்கும் அறைக்கு வைத்துக்கொண்டோம். அப்புறம் கல்யாண ஹால், எக்ஸாம் ஹால்.

வளவு வேறு. நடுவில் வானம் திறந்திருக்கும், மழை நேரே உள்ளே விழும். சுற்றிலும் தூண் வைத்த தாழ்வாரம், அதை ஒட்டி வரிசையாக அறைகள். கல்யாணமான மகன் ஒவ்வொருவருக்கும் அங்கே ஓர் அறை; ஒரே கூரைக்குள் தனித்தனிப் புள்ளி (கல்யாணமான ஒரு ஜோடி ஒரு புள்ளி), தனித்தனி அடுப்பு. "வளவுல வத்தல் காயுது" என்று ஆச்சி சொன்னால் அங்கே வெயில் விழுவதும் சேர்ந்தே புரியும். ஹாலில் வத்தல் காயாது.

ஃபிளாட்டுக்கு ஹால் சரி, நானும் அப்படித்தான் சொல்கிறேன். செட்டிநாட்டு வீட்டில் மட்டும் வளவு என்றே சொல்லுங்கள்.